ஏலம் எடுத்தாச்சு, பணம் எப்போ கட்டணும்? சந்தை, ஏரி, புளியமரக் குத்தகைக்கு முழு வழிகாட்டி

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அலுவலர் இழுத்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் தம்பி முழங்கையால் என்னை இடித்து, "இன்னா மாமா, இன்னும் ஒரு பத்து ஏத்தலாமா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவனே ஏற்றிவிட்டான். எதிரே நின்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாரச்சந்தை எங்கள் பையனுக்கு.

வெளியே டீக்கடையில்தான் கேட்டேன். "மொதல் பணம் எப்போ கட்டணும்?"

"அதெல்லாம் பதினஞ்சு நாள் குடுப்பாங்க மாமா."

நிபந்தனைத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்தாவது நிபந்தனை: ஏலம் முடிந்த அன்றே மாலை 5 மணிக்குள் ஏலத் தொகையில் பாதி. மணி அப்போது இரண்டே முக்கால். அடுத்த இரண்டு மணி நேரத்தில் என் தங்கையின் வளையல் உட்பட நாலு பேர் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போனது. நாலு ஐம்பதுக்கு ரசீது கைக்கு வந்தது. பத்து நிமிடம் தவறியிருந்தால், ஏலம் கேட்க முன்கூட்டியே கட்டிய டேவணிப் பணம் ஒரு லட்சமும் போயிருக்கும்.

வேலூர் பக்கம் குத்தகைதாரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இதில் நான் பார்த்த நட்டங்களில் பெரும்பாதி, அதிக விலைக்குக் கேட்டதால் வந்ததில்லை. பணம் கட்டும் நாளைத் தப்பாக எண்ணியதால் வந்தவைதான். ஏலத்துக்குப் போகிறவர் மனசில் ஒரே ஒரு எண் இருக்கும்: எவ்வளவு வரை கேட்கலாம். என்றைக்குள் கட்ட வேண்டும் என்ற இரண்டாவது எண்ணும் அதே கனத்தோடு இருக்க வேண்டும்.

என்னென்ன ஏலம், எந்த ஆண்டுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டம். அதற்கு முன் பழைய வடாற்காடு. அதனால் மூன்றிலும் ஏல வகைகள் ஏறக்குறைய ஒன்றுதான். பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தை மாதிரி சந்தைகளில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் உரிமை, பஸ் ஸ்டாண்டில் சைக்கிள், பைக் நிறுத்தும் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பிடம், சாலையோரப் புளியமர மகசூல், ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசி குத்தகை. கல் குவாரி தனி உலகம், தனி விதிகள். அதை இங்கே தொடவில்லை.

சந்தையும் ஸ்டாண்டும் பெரும்பாலும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மீன்பாசியையும் மரத்தையும் பல இடங்களில் பசலி ஆண்டில் விடுவார்கள், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜூலை வரும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி. 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருவர் '1434 பசலிக்கு' என்று போட்டிருந்ததைப் பார்க்காமல், மார்ச்சில் மூன்று மாத மிச்சக் காலத்துக்கு முழு வருஷ விலை கேட்டுவிட்டார். புளி அதற்குள் பாதி உலுக்கி முடிந்திருந்தது.

முதல் வேலை: நிபந்தனைத் தாளை ஏலத்துக்கு முன்னால் வாங்குங்கள்

தண்டோராவும் பேப்பர் விளம்பரமும் நாள், நேரம், டேவணித் தொகை இவ்வளவைத்தான் சொல்லும். கெடுவும் அபராதமும் நிபந்தனைத் தாளில் இருக்கும். அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள், இல்லை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் நிதானமாகப் படியுங்கள். ஏலக் கூடத்தில் கூட்டமாக நின்று யாரோ ஒருவர் வாசிக்க, நாம் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து விழுந்த பிறகு, படிக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது.

படிக்கும்போது நான் பேனாவால் கோடு போடுவது 'தவறினால்', 'தவறும் பட்சத்தில்' என்று வரும் வரிகளுக்குத்தான். ஒரு தாளில் அப்படி நாலைந்து இருக்கும். அவற்றை மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி, எதிரே தேதியைப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

பணம் எத்தனை தடவை கட்ட வேண்டியிருக்கும்

ஏலம் கேட்க அனுமதி வாங்கவே டேவணி. எடுக்காதவர்களுக்கு அன்றே திருப்பித் தருவார்கள். எடுத்தவருடையது அலுவலகத்திலேயே நிற்கும். அடுத்தது ஏல நாள் பணம். சில இடத்தில் கால் பங்கு, சில இடத்தில் பாதி, சிறிய புளியமர ஏலங்களில் முழுத் தொகையும் அன்றே. மூன்றாவது மீதித் தொகை. ஒரே தடவையாக இத்தனை நாளுக்குள் என்றோ, தவணையாகவோ இருக்கும். இதற்கு மேல் பாதுகாப்பு வைப்புத் தொகை தனியாகக் கேட்கும் இடங்களும் உண்டு. டேவணியை அதிலே கழித்துக்கொள்வார்களா, மீதித் தொகையில் கழிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் ஒரு லட்சம் குறைய எடுத்துப்போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். "டேவணி இருக்குதே சார்" என்பார்கள். அது வைப்புத் தொகையில் போய் உட்கார்ந்திருக்கும்.

வரியை மறந்துவிடாதீர்கள். 'ஜி.எஸ்.டி. தனி' என்று ஒரே ஒரு சொல் போட்டிருப்பார்கள். 18 சதவீதம் என்றால் 12 லட்சத்து ஏலத்துக்கு 2,16,000 ரூபாய். வண்டி நிறுத்தும் ஸ்டாண்டு எடுத்தால் வருமான வரியில் மூலத்திலேயே 2 சதவீதம் பிடிப்பார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 206சி(1சி) என்ற பிரிவு சுங்கச்சாவடி, குவாரியோடு ஸ்டாண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னது. அது கணக்கில் திரும்பி வரும் பணம்தான், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும் பணம். பான் கார்டு கொடுக்காவிட்டால் பிடித்தம் இன்னும் கூடும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பத்திரம் பதிவு செய்யணும். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையும் இதில் அசையாச் சொத்துதான் என்று சில்கா ஏரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே சொல்லிவிட்டது. "மீன் ஓடுற பொருள்தானே" என்ற வாதம் செல்லாது. முத்திரைக் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்.

நாள் எண்ணுவது

இங்கேதான் ஆள் விழுவது. கெடு எதிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். ஏல நாளிலிருந்தா, ஏலம் உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்தா, உத்தரவு தேதியிலிருந்தா, உத்தரவு உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா? நான்கும் நான்கு வேறு நாள்.

அதிகத் தொகைக்குக் கேட்டவருக்கு அந்தக் கணமே உரிமை வந்துவிடுவதில்லை. மன்றமோ ஒன்றியக் குழுவோ உரிய அலுவலரோ உறுதி செய்யணும். அதுவரை ஏலத்தை ஏற்கவும் காரணம் சொல்லி ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் டேவணி மட்டும் உள்ளே இருக்கும். இதில் உறுதி செய்ய ஒரு மாதம் இழுத்துவிட்டு, பிறகு உத்தரவில் 'உத்தரவு தேதியிலிருந்து 7 நாள்' என்று போடுவதும் நடக்கும். உத்தரவு தபாலில் வந்து சேரவே நாலு நாள். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஏலம் முடிந்த மறுநாளிலிருந்து வாரம் இரண்டு தடவை அலுவலகத்துக்குப் போய் உத்தரவு போட்டாச்சா என்று கேளுங்கள். தபாலில் வந்தால் கவரைக் கிழித்துப் போடாதீர்கள். அதன் மேல் உள்ள தபால் முத்திரைத் தேதிதான் பின்னாளில் உங்கள் ஒரே சாட்சி.

கடைசி நாள் லீவு நாளில் வந்தால்? சட்டம் ஒரு கெடு விதித்து, அன்று அலுவலகம் மூடியிருந்தால் அடுத்த வேலை நாளில் செய்யலாம் என்று 1897-ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது சட்டம் விதித்த கெடுவுக்கு. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக் கெடுவுக்கும் தானாகப் பொருந்தும் என்று நம்பி உட்காராதீர்கள். லீவுக்கு முந்தைய வேலை நாளையே கடைசி நாளாக எழுதிக்கொள்ளுங்கள்.

மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பேங்க் கிடையாது. சந்தை ஏலக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொரு நாள் ஏப்ரல் 1. குத்தகை தொடங்கும் அன்றுதான் வருடக் கணக்கு முடிப்புக்காகப் பேங்கில் பொதுமக்களுக்கு வேலை நடக்காது. 'ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் மீதித் தொகை' என்று இருந்தால் அது நடைமுறையில் மார்ச் 30 என்று அர்த்தம். மார்ச் 31 அன்று கவுண்டர்களில் நிற்கும் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் நான் ஏன் 31 என்று சொல்லவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

டிடி எடுக்கும்போது

பல அலுவலகங்கள் இன்னும் டிடிதான் கேட்கின்றன. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டிடியை ரொக்கம் கொடுத்து எடுக்க முடியாது, கணக்கிலிருந்துதான் எடுக்கணும். ஊரெல்லாம் திரட்டிய ரொக்கத்தைக் கணக்கில் போட்டு, அது ஏறி, பிறகு டிடி வாங்க அரை நாள் ஆகும். 2018 செப்டம்பரிலிருந்து டிடியில் அதை வாங்கியவர் பெயரும் அச்சாகிறது. மேலே சொன்ன பையனுக்கு அடுத்த தவணையில் இதுவே வினையானது. அவன் கணக்கில் பணம் இல்லையென்று அண்ணன் கணக்கிலிருந்து டிடி எடுத்தான். வாங்கியவர் பெயரில் அண்ணன் பெயர். "ஏலம் எடுத்தது நீங்க, பணம் கட்டுறது அவரா? அப்போ உள்குத்தகையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், உள்குத்தகைக்கு விடக் கூடாது என்று நிபந்தனையில் இருந்தது. அண்ணனைக் கூட்டிவந்து, தம்பிக்குக் கடனாகக் கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் ஒரு நாள் போனது.

யார் பெயருக்கு டிடி என்பதும் மாறும். வட்டார வளர்ச்சி அலுவலர், பேரூராட்சி செயல் அலுவலர், ஆணையர், மீன்வளத் துறை உதவி இயக்குநர் என்று ஏலம் விடும் அலுவலகத்தைப் பொறுத்தது. ஒரே ஏரிக்கரையில் மீன் ஓர் அலுவலகம், மரம் இன்னோர் அலுவலகம் என்று இருக்கும். நோட்டீசில் உள்ள எழுத்து மாறாமல் பேங்க் சலானில் எழுதுங்கள். டிடிக்கு மூன்று மாதம்தான் உயிர்.

கணக்கில் நேரடியாகக் கட்டலாம் என்றால் அதுவே மேல். ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் நடக்கிறது, இரண்டு லட்சத்திலிருந்து அனுப்பலாம். அனுப்பியதும், அதற்குப் பேங்க் தரும் அடையாள எண்ணான யு.டி.ஆர். எண்ணோடு ஒரு கடிதம் எழுதி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பணம் அவர்கள் கணக்கில் ஏறியும் எந்தத் தலைப்பு என்று தெரியாமல் கிடந்து, 'கட்டவில்லை' என்று நோட்டீஸ் வந்த கதை உண்டு.

கட்டாமல் போனால்

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான். சந்தை ஏலம் 12,00,000. டேவணி 1,00,000. ஏல நாளில் கட்டியது 3,00,000. மீதி 8,00,000 கட்டவில்லை. ஏப்ரல் மாதம் அலுவலகமே ஆள் போட்டு வசூல் செய்தது, இலாகா வசூல் என்பார்கள். மாதம் ஒரு லட்சம் வரவேண்டிய இடத்தில் 55,000 வந்தது. குறைவு 45,000. மே முதல் பதினொரு மாதத்துக்கு மறு ஏலம். உங்கள் விலைப்படி 11,00,000 வரணும், போனது 9,50,000-க்கு. குறைவு 1,50,000. விளம்பரம், தண்டோரா 8,000. ஆக நட்டம் 2,03,000.

இப்போது நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள். கட்டிய பணம் பறிமுதல் என்று மட்டும் இருந்தால் நீங்கள் இழந்தது 4,00,000. 'பறிமுதல் செய்வதுடன், மறு ஏலத்தில் ஏற்படும் நட்டமும் வசூலிக்கப்படும்' என்றிருந்தால் கேட்கப்போவது 6,03,000. 'நட்டத்தில் கழித்துக்கொள்ளப்படும்' என்றிருந்தால் 2,03,000 போக மிச்சத்தைக் கேட்க வாய் இருக்கிறது. ஒரே ஒரு நாள்கூட சந்தைக்குள் போய் ஒரு ரசீது கிழிக்காமல் ஆறு லட்சம் போவதற்கும் இரண்டு லட்சம் போவதற்கும் இடையில் இருப்பது இந்த ஒற்றைச் சொல். மறு ஏலம் உங்கள் விலையைவிட அதிகத்துக்குப் போனால்? அந்த லாபத்தில் உங்களுக்குப் பாத்தியதை கிடையாது என்று தவறாமல் எழுதியிருப்பார்கள்.

இந்த மறு ஏலக் கணக்கு நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் அலைக்கற்றை ஏலத்திலும் இதுதான்: கட்டாமல் விட்டால், மறுபடி விற்றதில் குறைந்த தொகையும் அதற்கு மேல் குறிப்பிட்ட சதவீத அபராதமும். தவணை கொடுத்துப் பட்டபாடும் அவர்களுக்கு உண்டு. 1996-இல் நெக்ஸ்ட்வேவ் என்ற கம்பெனி 63 உரிமங்களை 474 கோடி டாலருக்கு எடுத்து, தவணை கட்ட முடியாமல் 1998-இல் திவால் மனு போட்டது. உரிமங்களை ரத்து செய்தது செல்லாது என்று 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இங்கே 2010-இல் 3ஜி ஏலம் எடுத்தவர்களுக்குப் பத்தே நாள் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கினார்கள். 2022-இல் 5ஜி-க்கு இருபது வருடத் தவணை. கெடுவைக் கூட்டினால் விலை ஏறும், கட்டாமல் ஓடும் ஆளும் கூடும். நம்ம ஒன்றிய அலுவலகம் அன்று மாலையே பாதி கேட்பதன் பின்னால் இருக்கும் பயமும் அதுதான். எரிச்சலாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது.

பாக்கி நட்டத்தை எப்படி வசூலிப்பார்கள்? நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம் என்று இருந்தால் 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் வரும். தாசில்தார் ஜப்தி நோட்டீஸ் கொடுப்பார். உங்கள் சொத்து வசதியைக் காட்டும் சால்வன்சி சான்றுக்கு எந்தச் சொத்தைக் காட்டினீர்களோ அது அவர்கள் கோப்பிலேயே இருக்கும்.

பறிமுதல் என்றால் எல்லாமே போச்சா?

அப்படியும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் என்கிறது. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் மீனும் சப்ளை செய்ய ஒப்புக்கொண்டு தவறிய மௌலா பக்ஷ் என்பவரின் வைப்புத் தொகையை அரசு பறிமுதல் செய்தது. எவ்வளவு நட்டம் என்று காட்ட முடிகிற இடத்தில் காட்டித்தான் ஆகணும் என்று உச்ச நீதிமன்றம் 1969-இல் சொன்னது.

இன்னும் சுவையானது டெல்லியின் கைலாஷ்நாத் வழக்கு, தீர்ப்பு 2015. 1982-இல் ஒரு மனையை ஏலத்தில் 3.12 கோடிக்கு எடுத்தவர்கள் முன்பணம் 78 லட்சம் கட்டினார்கள். மீதியில் இழுபறி. முன்பணத்தைப் பறிமுதல் செய்த டெல்லி வளர்ச்சி ஆணையம் அதே மனையை 1994-இல் 11.78 கோடிக்கு விற்றது. நட்டமே இல்லாதபோது பறிமுதல் எதற்கு என்று கேட்டுப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது கோர்ட். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வரி நமக்கு எதிராக இருக்கிறது. பொது ஏலத்தில் ஒப்பந்தம் உருவாவதற்கு முன்பே ஏல நிபந்தனைப்படி பறிமுதல் நடந்தால் 74-ஆம் பிரிவு பொருந்தாது. அதாவது ஏலம் கேட்டுவிட்டு உறுதி ஆவதற்குள் பின்வாங்கினால் டேவணியைத் திரும்பப் பார்ப்பது கஷ்டம். உறுதியாகி, பாதிப் பணம் கட்டி, அப்புறம் தவறினால் வாதாட இடம் உண்டு. வக்கீலிடம் போகும்போது நீங்கள் எந்தக் கட்டத்தில் தவறினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னால், முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இதுவும் 1974-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம்.

கட்ட முடியாது என்று தெரிந்ததும்

கெடு முடிவதற்கு முன்னால் எழுதுங்கள். முடிந்த பிறகு எழுதும் கடிதத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு இல்லை. எவ்வளவு இன்று கட்டுகிறீர்கள், மீதி எந்தத் தேதி, தாமதத்துக்கு வட்டி தரத் தயார் என்று மூன்றே வரி. முடிந்ததைக் கையோடு கட்டிவிட்டு மனுக் கொடுத்தால் நீட்டிப்புக் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாய்மொழியாக "பாத்துக்கலாம் போங்க" என்று யார் சொன்னாலும் அது நீட்டிப்பு இல்லை. சொன்னவர் அடுத்த மாதம் ஆற்காட்டுக்கோ ஆம்பூருக்கோ மாற்றலாகிப் போய்விடுவார்.

ஏரியில் தண்ணீர் இல்லை, சந்தைக்கு மாடு வரவில்லை என்ற காரணம் எடுபடாது. 'உள்ளது உள்ளபடி', 'எக்காரணம் கொண்டும் தள்ளுபடி கோரக் கூடாது' என்று போட்டிருப்பார்கள். 2020 மார்ச் 25 ஊரடங்கு வந்தபோது, அரசே மூடச் சொன்னால் என்ன என்ற கேள்விக்குப் பல நிபந்தனைத் தாள்களில் பதிலே இருக்கவில்லை. 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்த பிறகாவது மீன்பாசி எடுப்பவர்கள் இயற்கைச் சேதத்துக்கு ஏதாவது வரி இருக்கிறதா என்று தேடிவிட்டுக் கேளுங்கள்.

மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கெடுவைக் காப்பாற்றுவது மட்டும் வேண்டாம். கூட்டாக நாலு பேர் சேர்ந்து ஒருவர் பெயரில் எடுத்தால், நோட்டீஸ் வருவது அந்த ஒருவருக்குத்தான். மற்ற மூன்று பேர் பங்கையும் ஏலத்துக்கு முன்பே கணக்கில் போடச் சொல்லிவிடுங்கள். "எடுங்க, நாளைக்குத் தரேன்" என்றவர் போன் அன்று சாயங்காலமே அணைந்திருக்கும்.

குத்தகை முடிந்ததும் வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்க மூல ரசீது வேண்டும், நகல் போதாது. ஏலத் தாள், உத்தரவு, தபால் கவர், எல்லா ரசீதும் ஒரே பையில் இருக்கட்டும். மச்சானுடையதை நானே வாங்கி வைத்திருக்கிறேன். அவன் வீட்டில் வைத்தால் அடுத்த மார்ச்சில் அந்தப் பையைத் தேடுவதற்கே தனியாக ஒரு கெடு போட வேண்டியிருக்கும்.